ஓங்யாவுக்கு முள் பாடிய மத்தியானம்

பெங்-ஹோவின் பாட்டு சிடி தட்டுகள் எங்கள் ஊர் மீன்குட்டைகளுக்கு மேலே தொங்குகின்றன. ஆயிரம் தட்டு அடித்தான். நூறுகூட விற்கவில்லை. மீதியை ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கிப்போய் கம்பு நட்டு நூலில் மாட்டிவிட்டார்கள். வெயில் பட்டால் மின்னும். கொக்கு கிட்டே வராது. மூன்று வருடம் தொண்டையைக் கிழித்துக்கொண்டு செய்த வேலை கடைசியில் பால்கெண்டைக் குஞ்சுகளைக் காப்பாற்றுகிறது என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்த பிறகு ரொம்ப நேரம் கால் கழுவிக்கொண்டிருப்பான்.

காங் பெங்-ஹோ என் கணவன். தைனான் கடற்கரையில் எங்கள் ஊருக்கும் சுற்றியுள்ள ஆறு ஊர்களுக்கும் கேஸ் சிலிண்டர் போடுகிறவன். சிலிண்டர் தூக்கித் தூக்கி வலது தோள் இடதைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். சனி, ஞாயிறுகளில் மேடை கிடைத்தால் ராப் பாடுவான். மேடையில் அவன் பெயர் முள்.

நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. அப்போது பள்ளிக்கூடத்தில் வீட்டில் பேசும் தைவான் பேச்சைப் பேசக் கூடாது. அரசாங்க மொழியான மாண்டரின்தான் பேச வேண்டும். மீறினால் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிடுவார்கள். அடுத்துத் தப்புச் செய்கிறவரைக் கண்டுபிடித்துக் காட்டினால் அட்டை அந்தக் கழுத்துக்கு மாறும். அதனால் அட்டை மாட்டியவர்கள் மற்றவர்களைக் கிள்ளுவார்கள், காலை மிதிப்பார்கள். வலியில் எவரும் வீட்டுப் பேச்சில்தானே கத்துவார்கள்.

மூன்றாம் வகுப்பில் ஒருநாள் பெங்-ஹோ அட்டையோடு வந்து என் காலை மிதித்தான். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் பலமாக மிதித்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

"நீ என்ன மரக்கட்டையா?" என்று அவனே வீட்டுப் பேச்சில் கத்திவிட்டான். வாத்தியார் திரும்பிப் பார்த்தார். அட்டை இன்னொரு நாளும் அவன் கழுத்திலேயே கிடந்தது.

என் கழுத்தில் அது ஏறியதே இல்லை. நல்ல பிள்ளை என்பதால் அல்ல. எந்த மொழியிலும் நான் பேசவில்லை, அவ்வளவுதான்.

பதினாலு வயதில் படிப்பை விட்டு மீன் கம்பெனிக்குப் போனேன். பால்கெண்டையின் வயிற்றைத் திறந்து வைத்து இடுக்கியால் முள் எடுக்கும் வேலை. ஒரு மீனில் இருநூற்று இருபத்திரண்டு முள். ஐஸ் மிஷின் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வோம். நடுவில் வெளியூரில் இருந்த காலம் போக முப்பது வருடம் ஆகிவிட்டது. இப்போது தெருவுக்கு அந்தப் பக்கம் யார் யாரைத் திட்டினாலும் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்ய? நான் யாரிடமும் சொல்வதில்லை.

அவன் பட்டாளத்தில் இரண்டு வருடம் இருந்தபோது பக்கத்துக் கட்டில்காரன் அமெரிக்க ராப் கேசட்டுகள் வைத்திருந்தானாம். ஒரு வார்த்தை புரியாமல் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தான். பட்டாளம் முடிந்து தைபே பக்கத்தில் ஓர் அச்சுப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான். எங்களுக்குக் கல்யாணம் ஆனது. பட்டறையில் வேலை முடிந்து வந்து ராத்திரிகளில் தானே ராப் எழுத ஆரம்பித்தான். மாண்டரினில் எழுதினான். ராப் என்றால் தைபேயில் அப்போது அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு பெரிய கடையின் அடித்தளத்தில் போட்டி நடந்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். பெங்-ஹோ இரண்டு வரி பாடுவதற்குள் சிரிப்பு ஆரம்பித்துவிட்டது. அவன் மாண்டரின் தெற்கத்தி மாண்டரின்.

"டேய் மீன் மார்க்கெட்டு! ரேட்டு என்னடா?" என்று ஒருவன் கத்தினான்.

பெங்-ஹோ வேகமாகப் பாடப் பார்த்தான். மைக் வயர் காலில் சுற்றி முழங்கால் தரையில் இடித்தது. அப்போது அவன் வாயிலிருந்து வந்தது எங்கள் ஊர் வசவு. ஒன்றல்ல, பதினொன்று. சந்தையில் மைக் பிடித்து மீன் விற்பவர்கள் கூவுவார்களே, அதே தாளத்தில், மூச்சு விடாமல், கடைசிச் சத்தம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள வந்தது. பிறகு, ரேட்டு கேட்டவனே முன்னால் வந்து, "அண்ணே, இன்னொரு தடவை!" என்றான்.

அன்று நூடுல்ஸ் கடையில் பெங்-ஹோ சாப்பிடவே இல்லை.

"சியோக்-யின், இத்தனை நாளும் நான் வாடகைச் சட்டை போட்டுக்கிட்டுப் பாடியிருக்கேன்டீ."

"சாப்பிடு. ஆறிப்போகுது."

"எங்க அம்மா திட்டுறதுலயே பாட்டு இருந்திருக்கு. எனக்கு இதுவரைக்கும் தெரியல பாரேன்."

"முழங்கால்ல ரத்தம் வருது. துடைச்சுக்கோ."

அதற்குப் பிறகு அவன் மாண்டரினில் பாடவில்லை. குட்டை, உப்பு, மழை, சிலிண்டர், தேர்தல் சமயத்தில் வந்து கையைப் பிடிக்கிறவர்கள், எல்லாவற்றையும் வீட்டுப் பேச்சில் பாடினான். முள் என்று பெயர் வைத்துக்கொண்டான். தட்டு போட்டான். அது கொக்கு விரட்டப் போனது. அவன் அப்பாவுக்கு இடுப்பு விழுந்ததும் நாங்கள் ஊருக்குத் திரும்பி அவருடைய சிலிண்டர் வேலையை எடுத்துக்கொண்டோம். பாட்டை மட்டும் விடவில்லை. பேருந்தில் கவ்ஷியுங் போவான், தைச்சுங் போவான். கடைத் திறப்பு விழாவில் பாடுவான். முப்பது பேர் இருப்பார்கள், அதில் இருபது பேர் வரிசையில் நிற்பது இலவசத் தொத்திறைச்சிக்கு. இப்போது தைபேயில் பிறந்த பிள்ளைகள் வீட்டுப் பேச்சில் ராப் பாடிப் பரிசு வாங்குகிறார்கள். நன்றாகத்தான் பாடுகிறார்கள். பெங்-ஹோ கேட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்பான். இரண்டாவது தடவை போட மாட்டான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவன் தொண்டையில் சதை வளர்ந்தது. அறுத்து எடுத்தார்கள். குரல் வந்தாலும் வரும், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். ஆறு வாரம் பேசக் கூடாது. அந்த நாட்களில் ஒரு காகிதத்தில் எழுதி என் கையில் கொடுத்து என்னை ஊர்க் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனான். அவனுக்குக் குரல் இல்லாததால் ஓங்யா சாமிக்கு முன்னால் நான்தான் படிக்க வேண்டியிருந்தது. யாரும் இல்லாத நேரம் பார்த்து முணுமுணுவென்று படித்தேன். 'காங் பெங்-ஹோ, புலி வருடம், எட்டாம் மாதம் பதினொன்றாம் தேதி பிறந்தவன், குட்டைத் தெரு இருபத்தேழாம் எண் வீடு. குரலைத் திருப்பிக் கொடுத்தால் உன் பிறந்தநாளுக்கு என் பாட்டையே காணிக்கையாகத் தருகிறேன்.'

குரல் வந்தது. பாதிதான் வந்தது. பழைய இரும்புக் கதவைத் தள்ளுவது போலிருக்கும்.

நேர்த்திக்கடனை மட்டும் அவன் செலுத்தவில்லை. ஓங்யாவின் பிறந்தநாளுக்குப் பொம்மலாட்டம் வைப்பார்கள், பாட்டு நாடகம் வைப்பார்கள், திரை கட்டிப் படம் போடுவார்கள். ராப் யாரும் வைத்ததில்லை. போய்க் கேட்க அவனுக்குக் கூச்சம். ஒரு வருடம் முழங்கால் வீங்கியது. அடுத்த வருடம் சிலிண்டர் விழுந்து கால் கட்டைவிரல் நசுங்கியது. சாமியிடம் சொன்ன சொல்லை வைத்துக்கொண்டு எத்தனை நாள் நொண்டுவாய் என்று ஊரில் கேட்டார்கள்.

போன வருடம், நான்காம் மாதம் வரும் அந்தப் பிறந்தநாள் திருவிழாவுக்கு இருபது நாள் இருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"நாளைக்குக் கோயில்ல கட்டை போட்டுக் கேக்கப்போறேன். சாமி சரின்னா பாடுறேன். வேண்டாம்னா பொம்மலாட்டம் வச்சுட்டு, இந்த வேலையையே விட்டுர்றேன்."

"எந்த வேலையை? சிலிண்டரையா?"

"மைக்கை."

அவன் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். உண்மையைச் சொன்னால், சாமி வேண்டாம் என்று சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன். நான் களைத்துப்போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பாடிவிட்டு வந்து திங்கட்கிழமை வாஷ்பேசினில் சிவப்பாகத் துப்புவான். நான் பார்த்துவிடக் கூடாது என்று தண்ணீர் ஊற்றிக் கழுவுவான். நான் பார்க்காதது எதுவுமில்லை.

மறுநாள் கோயிலில் சாய் பெரியப்பா இருந்தார். கோயில் கமிட்டித் தலைவர் அவர்தான். ஊரில் எல்லோருக்கும் பெரியப்பா.

"என்னடா, நேர்த்திக்குக் கத்தப்போறியாமே? பாட்டு நாடகம் பாத்துப் பழகுன சாமிடா இவரு. காதுல பஞ்சு வைக்கச் சொல்றியா?"

"நான் அவருகிட்டயே கேட்டுக்கிறேன் பெரியப்பா."

"கேளு, கேளு. வேண்டாம்னா மொகத்தத் தூக்கி வச்சுக்காத. பொம்மலாட்டக்காரன் நம்பர் என் செல்லுலயே இருக்கு."

பிறை போன்ற இரண்டு மரக்கட்டைகள். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. கீழே போட்டால் ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழுந்தால் சாமி சரி என்கிறார். இரண்டும் உருண்டை மேலே வந்தால் வேண்டாம். இரண்டும் தட்டை மேலே வந்தால் சாமி சிரிக்கிறார், மறுபடி கேட்கலாம். பெரிய விஷயம் என்றால் தொடர்ந்து மூன்று தடவை சரி விழ வேண்டும்.

பெங்-ஹோ முழங்காலிட்டான். வலது முழங்கால் மடங்காமல் பாதி உட்கார்ந்த மாதிரி இருந்தான். கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்துச் சொல்லிவிட்டுக் கட்டையைப் போட்டான். சிரிப்பு. மறுபடி சொல்லிப் போட்டான். சிரிப்பு. மூன்றாவதும் சிரிப்பு.

சாய் பெரியப்பாவுக்குத் தாங்கவில்லை. "டேய், நீ பாடுறதுக்கு முந்தியே சிரிக்கிறாருடா! பாடுனா விழுந்து பொரள்வாரு போலிருக்கு."

பெங்-ஹோவின் பிடரி சிவந்தது. நான்காவது தடவை போட்டான். இரண்டும் உருண்டை. வேண்டாம்.

"முடிஞ்சுது. எந்திரி," என்றார் பெரியப்பா. செல்லை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நம்பர் தேட ஆரம்பித்தார்.

பெங்-ஹோ தொப்பியை எடுத்துத் தொடையில் தட்டினான். தூசியே இல்லை. மறுபடி தட்டினான்.

நான் கம்பத்தின் பக்கத்தில் நின்றிருந்தேன். நான்கு தடவையும் அவன் உதட்டைப் பார்த்திருந்தேன். சாமியிடம் கேட்பதென்றால் முதலில் பெயர், பிறந்த நாள், வீட்டு எண் சொல்ல வேண்டும். பிறகுதான் கேள்வி. அது எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். பெங்-ஹோ அதில் எதையும் சொல்லவில்லை. பயத்தில், இருபது வருடமாக மேடையேறியதும் சொல்லிப் பழகியதை வாய் தானாகச் சொல்லிவிட்டது. 'உப்புக்கரையிலிருந்து வந்திருக்கேன், நான்தான் முள்!' நான்கு தடவையும் அதையேதான் சொன்னான். அவனுக்கே தெரியாது.

நேர்ந்துகொண்டவன் காங் பெங்-ஹோ. என் வாயால் நானே சொன்ன பெயர். முள் என்று யாரும் ஓங்யாவுக்கு எதையும் நேர்ந்துகொள்ளவில்லை.

பேசாமல் இருந்திருக்கலாம். வீட்டுக்குப் போயிருக்கலாம். திங்கட்கிழமைகளில் வாஷ்பேசின் வெள்ளையாக இருந்திருக்கும். பெரியப்பாவின் செல்லில் பொம்மலாட்டக்காரனுக்கு மணி அடிப்பதும் கேட்டது. அன்று பள்ளிக்கூடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் அவன் கழுத்தில் இன்னொரு நாள் கிடந்த அந்த அட்டை எனக்கு ஏனோ ஞாபகம் வந்தது.

"பேரு," என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். பெரியப்பா நான் கோயிலில் பேசி இதற்கு முன்னால் கேட்டிருக்க மாட்டார்.

"என்னம்மா?"

"பேரு சொல்லல. முள்ளுன்னு சொல்லுது. வீட்டு நம்பரும் சொல்லல, பொறந்த நாளும் சொல்லல."

பெங்-ஹோ வாயைத் திறந்தான். பிறகு கையால் மூடிக்கொண்டான்.

"அடப்பாவி!" என்றார் பெரியப்பா. "முள்ளுன்னா சாமிக்கு என்னடா தெரியும்? எந்த மீனுது, யார் தொண்டையில சிக்கியிருக்குன்னு தேடிக்கிட்டு இருக்காரு பாவம்! ஒங்கப்பன் வச்ச பேரச் சொல்லுடா!" செல்லில் "ஹலோ, ஹலோ" என்று சத்தம் வந்தது. "ஒன்னுமில்ல, அப்புறம் பேசுறேன்," என்று வைத்தார்.

இந்தத் தடவை பெங்-ஹோ சத்தமாகச் சொன்னான். பெயர், புலி வருடம், தேதி, குட்டைத் தெரு இருபத்தேழு. அந்த இரும்புக்கதவுக் குரலில் அவன் தன் பெயரைச் சொல்லி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. கட்டையைப் போட்டான். சரி. சரி. மூன்றாவது தடவை ஒரு கட்டை உருண்டு போய் விளக்குக் காலில் முட்டி நின்றது. சரி.

பெரியப்பா கட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "அந்தக் கெட்ட வார்த்தையெல்லாம் இருக்கே, அதையும் கேளு."

கேட்டான். வேண்டாம் என்று விழுந்தது.

"பாத்தியா! காது நல்லாத்தான் கேக்குது அவருக்கு," என்று பெரியப்பா சந்தோஷமாகக் கும்பிட்டார்.

அந்த இருபது நாளும் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தான். அந்தப் பதினொரு வசவு இருந்த பாட்டுதான் அவனுடைய முதல் பாட்டு. வசவை எடுத்தால் நடுவில் பள்ளம் விழுந்தது. என்ன போட்டாலும் தாளம் நிற்கவில்லை.

"வேகமா எதாவது சொல்லேன். எதாவது," என்றான்.

நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேகமாகச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். புதிதாக வருகிற பெண்களுக்குக் கம்பெனியில் சொல்லிக் கொடுப்போம். முதுகில் எங்கே குத்து, வயிற்றில் எங்கே பிடி, கிளை முள்ளை எப்படித் திருப்பு, வாலில் எங்கே நிறுத்து, மொத்தம் இருநூற்று இருபத்திரண்டு. சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவன் மேசையில் விரலால் தட்டினான்.

"மறுபடி சொல்லு."

"பாத்திரம் கிடக்கு."

"சியோக்-யின், மறுபடி சொல்லு."

திருவிழா அன்று கோயில் அவனுக்குக் கொடுத்தது மத்தியானம் இரண்டு மணி. சாயங்காலம் பொம்மலாட்டம், அதற்குத்தான் கூட்டம். மேடையாகத் திறக்கும் லாரியின் முகம் கோயில் வாசலைப் பார்த்து நிற்கும். பார்க்க வேண்டியது சாமிதானே. நடுவில் சிமெண்ட் தரை. ஒரு ஸ்டூல்கூடப் போடவில்லை. கால் வைத்தால் கொப்புளம் வந்துவிடும் போல வெயில். சாமிப் பக்கம் ஒரு ஆள் இருக்க வேண்டும் என்று சாய் பெரியப்பா மட்டும் வாசல் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்கார்ந்து மெட்டு ஓடும் பொத்தானை அமுக்கினேன்.

பெங்-ஹோ வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். தொப்பி இல்லை. மைக்கைப் பிடித்து, "காங் பெங்-ஹோ, குட்டைத் தெரு இருபத்தேழு," என்று ஆரம்பித்தான். வாசலுக்கு உள்ளே ஊதுவத்திப் புகை. அதற்குப் பின்னால் கறுத்த முகமும் தாடியுமாக ஓங்யா.

ஆள் இல்லாத தரையைப் பார்த்து அவன் நாற்பது நிமிடம் பாடினான். கடைத் திறப்பு விழாவில் பாடுவதைவிடக் குறைவாகப் பாடவில்லை. ஸ்பீக்கர் சத்தம் கோயில் சுவரில் மோதி, திரும்பிக் குட்டைகள் மேலே போனது. மூன்றாவது பாட்டுக்குப் பெரியப்பாவின் தலை தொங்கிவிட்டது. நான்காவது பாட்டில் பெங்-ஹோவின் குரல் உடைந்தது. நான் பொத்தானில் விரல் வைத்தேன். அவன் திரும்பாமலே கையைக் காட்டினான், நிறுத்தாதே என்று. மீன் வரிகள் வந்தபோது குரல் அநேகமாக இல்லை. காற்றுதான் வந்தது. எனக்கு அவன் முகம் தெரிய, கொஞ்சம் எட்டிப் பார்த்து உதட்டைப் படித்தேன். ஒரு வார்த்தைகூட விடவில்லை.

முடித்து மூன்று தடவை குனிந்து கும்பிட்டுக் கீழே இறங்கினான். அந்த அமைதியில் பெரியப்பா விழித்துக்கொண்டார்.

"சாமி எப்படிப் பெரியப்பா?" இதை நான்தான் கேட்டேன். அவனால் முடியவில்லை.

"நான் முழிச்சிருந்த வரைக்கும் எந்திரிச்சுப் போகல," என்றார். பிறகு சாமிக்குப் படைத்த ஆமை ஓடு போல அச்சில் செய்த சிவப்பு அரிசிப் பலகாரத்தில் இரண்டை எடுத்து அவன் கையில் வைத்தார். "வயசான காலத்துல இப்படி வேர்த்து ஊத்தணுமாடா ஒனக்கு. வீட்டுக்குப் போய்ப் படு."

மறுநாள் குரல் சுத்தமாக இல்லை. இரண்டு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்றார் டாக்டர். பெங்-ஹோவால் சிலிண்டர் தூக்க முடியும். போன் எடுக்க முடியாது. அதனால் நான் கம்பெனிக்குத் தினமும் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். முன்பின் தெரியாதவர்களோடு போனில் பேசுவதைவிட ஐஸில் கைவிடுவது எனக்குச் சுலபம். மணி அடித்தால் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். பெயர் என்ன, எந்தத் தெரு, வீட்டு எண் என்ன, எத்தனை சிலிண்டர். கேட்டுக் கேட்டுச் சீட்டில் எழுதினேன்.

மூன்றாம் நாள் குட்டைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பொம்பளை கூப்பிட்டாள்.

"கேஸ்காரர் வீடா? அன்னைக்கு மத்தியானம் கோயில்ல கத்துனது ஒங்க ஆளுதானே?"

"ஆமா."

"என் வாத்து ரெண்டு நாளா முட்டை போடலம்மா."

நான் பேனாவின் மூடியைத் திறந்தேன்.

"சரி, அது போகட்டும். அந்த மீன் பாட்டு எங்க கொல்லை வரைக்கும் கேட்டுச்சு. கொஞ்சம் கொஞ்சமா விட்டு விட்டுத்தான். ஆனா முள்ளு கணக்கு தப்பு. நானும் அந்தக் காலத்துல மீன் கம்பெனில இருந்தவதான். இருநூத்திப் பன்னெண்டு."

"இல்ல," என்றேன்.

"என்ன இல்ல?"

"இருநூத்தி இருபத்திரெண்டு."

"நான் எத்தனை வருஷம் எடுத்திருக்கேன் தெரியுமா?"

"வால்கிட்ட எண்ணாம விட்டிருப்பீங்க. கிளை முள்ளு அங்க இருக்கு. மறுபடி எண்ணிப் பாருங்க." என் குரல் என் காதுக்கே சத்தமாகக் கேட்டது. "பேரு சொல்லுங்க. வீட்டு நம்பர்?"

சொன்னாள். எழுதினேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பெங்-ஹோ கதவில் சாய்ந்து நிற்கிறான். தோள் குலுங்குகிறது. சத்தமில்லாமல் சிரிக்கிறான். மேசையிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்து எழுதி என்னிடம் நீட்டினான்.

'வாத்து, கிழவி, வால் முள். அடுத்த பாட்டுக்கு.'

பெருமூச்சு வந்தது. இனியும் ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு, திங்கட்கிழமைகளும் உண்டு. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்தப் பொம்பளையின் வீட்டு எண் எழுதிய சீட்டை அவனிடம் கொடுத்தேன்.

"முதல்ல இதைப் போட்டுட்டு வா. மாடி வீடு," என்றேன்.